கூம்பு பார்க்கிற கண்

மறந்துபோவதற்கு முன்னால் எழுதி வைக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கோபம் ஆறிப்போவதற்கு முன்னால் எழுதி வைக்கிறேன்.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன யூனிட்டில் இருபத்தாறு வருஷமாக வேலை செய்கிறேன். கரண்டு பெட்டியில் மாட்டுகிற வெள்ளை ஃபியூஸ் கட்டை செய்கிற யூனிட். முதலில் அச்சில் மண் அடித்தேன். பிறகு கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சில் கட்டைகளை முக்கி எடுத்தேன். கடைசிப் பதினெட்டு வருஷமாகச் சூளை. பொம்பளை சூளை பார்ப்பதா என்று அப்போது சிரித்தவர்கள் உண்டு. சிரித்தவர்களில் இரண்டு பேர் இப்போது என்னிடம் வந்து சந்தேகம் கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

சூளை என்றதும் செங்கல் சூளையை நினைக்காதீர்கள். எங்களுடையது கேஸில் எரிவது, ஒரு சின்ன அறை அளவு இருக்கும். விடிகாலையில் பற்ற வைத்தால் சாயங்காலம் நாலு மணி, ஐந்து மணி வாக்கில் அணைக்க வேண்டும். சரியாக எப்போது அணைப்பது என்பதுதான் மொத்த வேலையும். முன்னால் அணைத்தால் கட்டை வேகாது. பின்னால் அணைத்தால் கிளேஸ் உருகி ஓடி, கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போகும். அந்த நேரத்தைச் சொல்லத்தான் கூம்பு. விரல் நீளத்தில் களிமண்ணில் செய்த மூன்று கூம்புகளை ஒரு மண் பட்டையில் வரிசையாக நட்டு உள்ளே வைப்போம். மூன்றும் வேறு வேறு சூட்டுக்கு வளையும். கதவில் காசு அகலத்துக்கு ஓர் ஓட்டை இருக்கும். அதில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். முதல் கூம்பு சாய்ந்தால் தயாராகு. நடுக்கூம்பு வளைந்து நுனி கீழே தொட்டால் அணை. மூன்றாவது நின்றபடியே இருக்க வேண்டும், அது சாய்ந்தால் சரக்கு போச்சு. சுவரில் மீட்டர் ஒன்றும் சூட்டை நம்பரில் காட்டிக்கொண்டிருக்கும். இருந்தாலும் எங்கள் பேட்டையில் கடைசி வார்த்தை கூம்பு பார்க்கிறவருடையதுதான்.

கூம்பை வலது கண்ணால்தான் பார்ப்போம், இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. பேட்டையில் எல்லாச் சூளையிலும் இதுதான் வழக்கம். பக்கத்து யூனிட்டில் சூளை பார்க்கிற அண்ணனிடம் ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "ஒரு கண்ணு மொதலாளிக்கு, ஒரு கண்ணு வூட்டுக்கு. ரெண்டையும் குடுத்துட்டா வூட்டுல சோத்தை எதால பார்ப்ப?" என்றார். நீலக் கண்ணாடி பிடித்துப் பார்ப்பதுதான் முறை. எங்கள் யூனிட்டில் இருந்த நீலக் கண்ணாடி என்றைக்கோ உடைந்துபோனது. புதுசு வாங்கித் தருகிறேன் என்கிற பேச்சு மட்டும் உடையாமல் பல வருஷம் இருந்தது.

போன ஆடி மாதம் பேட்டைக்கு ஒரு மருத்துவ முகாம் வந்தது. எங்கிருந்தோ பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் பந்தல் போட்டு, உள்ளே ஒரு எந்திரத்தை வைத்திருந்தார்கள். கண்ணுக்குள்ளே படம் எடுக்கிற எந்திரம். எடுத்த படத்தை ஏஐ என்கிற கம்ப்யூட்டர் பார்க்குமாம், பார்த்துவிட்டுப் பின்னால் மூளையில் மறதி நோய் வருமா வராதா என்று சொல்லுமாம். மைக்கில் ஒருவர் சொன்னார். "கண்ணுக்குப் பின்னால இருக்கிற நரம்பு மூளையோட சேர்ந்தது. மூளைக்கு வரப்போறது கண்ணுல முன்னாடியே தெரியும்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எல்லா யூனிட்டு ஜனமும் வரிசையில் நின்றோம்.

என் முறை வந்தது. தாடையை ஒரு தட்டில் வைக்கச் சொன்னார் படம் எடுக்கிறவர். எதிரே ஒரு வட்ட ஓட்டை, உள்ளே ஒரு வெளிச்சப் புள்ளி. அவ்வளவுதான், என் வலது கண் போய் அதில் உட்கார்ந்துகொண்டது, இடது கண் தானாக மூடிக்கொண்டது. யாரும் சொல்லித்தர வேண்டாம், பதினெட்டு வருஷப் பழக்கம்.

"அம்மா, இப்ப இடது கண்ணு" என்றார் அவர்.

நான் தலையைத் திருப்பி மறுபடியும் வலது கண்ணைக் கொண்டுபோய் வைத்தேன்.

"இடதும்மா, இடது."

இடது கண்ணை வைத்தேன். வைத்ததும் அது மூடிக்கொண்டது. திறக்கச் சொன்னார், திறந்தேன். எந்திரம் பளிச்சென்றதும் மூடிக்கொண்டது. நாலு முறை இப்படி. எனக்கு முன்னால் போன பக்கத்து யூனிட்டு அண்ணனும் இதே கூத்துதான் அடித்தார் என்று பிற்பாடு தெரிந்தது. பின்னால் நாற்பது பேர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த மனிதருக்கும் பாவம், வேர்த்துக் கொட்டியது. "பரவாயில்லம்மா, ஒரு கண்ணு போதும், போங்க" என்று அனுப்பிவிட்டார்.

பத்து நாள் கழித்து முதலாளி என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். முதலாளி என்றால் எனக்குச் சின்னவர். அவருடைய அப்பாவைத்தான் நான் முதலாளி என்று கூப்பிட்டேன், இவரைத் தம்பி என்பேன். இவர் என்னை அக்கா என்பார். நல்ல மனிதர், அதை மறைக்க மாட்டேன்.

"உக்காருங்க அக்கா" என்றார்.

இருபத்தாறு வருஷத்தில் அந்த அறையில் யாரும் என்னை உட்காரச் சொன்னதில்லை.

மேசை மேல் ஒரு கட்டுச் சீட்டு இருந்தது. அவர் ஒன்றை உருவி என் பக்கம் தள்ளினார். என் பெயர், என் வயது ஐம்பத்தேழு, கீழே ஒரு சிவப்பு வட்டம். மறதி நோய் வருவதற்கான சாத்தியம் அதிகம் என்று தமிழில் போட்டிருந்தது. அதற்கும் கீழே எறும்பு எழுத்தில் ஏதோ இங்கிலீஷ்.

"நம்ம யூனிட்டுல எல்லாருக்கும் பச்சை. உங்களுக்கு மட்டும்தான் இப்புடி வந்துருக்குது" என்றார். "நீங்க பயப்படாதீங்க. சூளையை மட்டும் கொஞ்ச நாள் வுட்டுடுங்க. பேக்கிங்ல உக்காருங்க. அதே சம்பளந்தான்."

"நான் என்னா தப்பு பண்ணேன் தம்பி?"

"தப்புன்னு யாரு சொன்னா? கேஸ் சமாச்சாரம் அக்கா. நாளைக்கு வால்வைத் தொறந்துட்டு மறந்துட்டீங்கன்னா?"

"இதுவரைக்கும் மறந்தனா?"

"இல்லதான்" என்றார். சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது எது தெரியுமா? சிவப்பு வட்டம்கூட இல்லை. என் மூளைச் சமாச்சாரம் எனக்குத் தெரிவதற்கு முன்னால் என் முதலாளிக்குத் தெரிந்திருந்தது. முகாம்காரர்கள் எல்லாச் சீட்டையும் ஒன்றாகக் கட்டி அவரவர் யூனிட்டு ஆபீசில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஸ்கூலில் மார்க் ஷீட்டை அப்பாவிடம் கொடுப்பதுபோல. எங்களைக் கேட்கவே இல்லை.

மறுநாளிலிருந்து பேக்கிங். கட்டைகளை அட்டைப் பெட்டியில் அடுக்கி வைக்கோல் திணிக்கிற வேலை. உட்கார்ந்த இடத்திலிருந்து சூளைக் கதவு தெரியும். முதலாளியே மீட்டர் நம்பரைப் பார்த்து அணைத்தார். சரக்கு பாழாகியிருக்கும், ஓடிவந்து என் காலில் விழுந்திருப்பார் என்று நீங்கள் எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். சரக்கு நன்றாகத்தான் வந்தது. நான் இல்லாமல் சூளை எரியாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் ஒரு தப்பும் செய்யாதவளை, இனிமேல் செய்வாய் என்று சொல்லி எழுப்பிவிட்டார்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. சூளையில் என் இடம் எனக்கு வேண்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

பேக்கிங்கில் இருந்த பொம்பளைகள் என்னிடம் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு வார்த்தையாக, சத்தமாக. எனக்குக் காது கேட்கும் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. ஒருநாள் டிபன் பாக்ஸை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதற்கு முந்தின வாரம் அவர்களில் ஒருத்தி செருப்பையே மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். என் டிபன் பாக்ஸுக்கு யாரும் சிரிக்கவில்லை.

வீட்டில் அதைவிட மோசம். நானும் மகளும்தான். அவள் எங்கள் ஜில்லாவிலேயே இருக்கிற மங்களூர்ப் பக்கம் ஒரு ஸ்கூலில் டீச்சர், தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். சீட்டைப் பார்த்த அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து பாடம் எடுக்க ஆரம்பித்தாள்.

"அம்மா, இன்னிக்கி என்னா கெழமை?"

"நீ ஸ்கூலுக்குக் கெளம்புற கெழமை."

"அம்மா, மூணு சாமான் பேரு சொல்றேன். பத்து நிமிஷம் கழிச்சுத் திருப்பிச் சொல்லணும். சாவி, எலுமிச்சம்பழம், கொடை."

தினமும் இப்படி மூன்று புதுச் சாமான். இது நாலாம் நாள், எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அவள் திருப்பிக் கேட்டபோது அரிசியைக் களைந்துகொண்டே, "கத்திரிக்கா, ரயிலு, உன் வருங்கால மாமியாரு" என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் அவள் அடுப்படி வாசலில் நின்று அழுதுகொண்டிருக்கிறாள்.

"சாவி, எலுமிச்சம்பழம், கொடை. நேத்து சீப்பு, தக்காளி, செருப்பு. முந்தாநாளு பேனா, வெங்காயம், பக்கெட்டு" என்றேன். "போதுமாடி?"

"நீ வெளையாடுற. எனக்குப் பயமா இருக்குதும்மா" என்றாள். "உனக்கு நான் யாருன்னு தெரியாம போயிட்டா?"

எனக்கும் பயம்தான். அதை அவளிடம் சொல்லாமல் கோபத்தைப் போட்டு மூடி வைத்திருந்தேன். அன்றைக்குச் சொன்னேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சமையல்கட்டிலேயே உட்கார்ந்திருந்தோம், அரிசி தண்ணீரிலேயே கிடந்தது.

பிறகு, "அந்தச் சீட்டை எடு. அடியில எறும்பு மாதிரி இங்கிலீஷுல என்னா எழுதியிருக்குது, படி" என்றேன். அவள் போனில் படம் பிடித்துப் பெரிசாக்கிப் படித்தாள். இது நோயைக் கண்டுபிடித்ததாக ஆகாது, முதல் கட்டச் சோதனை மட்டுமே, இதை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது, டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று போட்டிருந்தது. ஒரு போன் நம்பரும் இருந்தது. முடிவு எடுக்கக் கூடாது என்பதை இங்கிலீஷிலும், பயமுறுத்துவதைத் தமிழிலும் போட்ட புண்ணியவான் யார் என்று தெரிந்தால் ஒரு வார்த்தை கேட்பேன்.

மறுநாள் காலை பேட்டை வாசலில் டீக்கடைக்குப் போனேன். பக்கத்து யூனிட்டு அண்ணன் அங்கே உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டை போட்டிருந்தார். வாயில் வைத்த டீ எனக்குப் புரையேறிவிட்டது.

"என்னாண்ணே வேஷம்?"

"வாட்ச்மேன்" என்றார். "எனக்குத்தான் மூளை காயப்போவுதாமே. சூளை வேணாம், கேட்டுல உக்காருன்னுட்டாங்க."

அறுபத்தொரு வயது அவருக்கு. என்னை வம்பிழுக்காமல் ஒருநாள்கூட டீ குடிக்காத மனிதர் டம்ளரைப் பார்த்தபடியே பேசினார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"உங்க யூனிட்டுல வேற யாருக்குண்ணே செவப்பு?"

"வேற யாருக்குமில்ல. எல்லாம் பச்சை."

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். ஒரு மத்தியானம் பூராவும் ஒவ்வொரு யூனிட்டு வாசலிலும் நின்று விசாரித்தேன். சிலர் சொன்னார்கள், சிலர் போம்மா என்றார்கள். கடைசியில் பேட்டையில் சிவப்பு வாங்கினவர்கள் நாலு பேர் என்று தெரிந்தது. நான், இந்த அண்ணன், பொம்மை செய்கிற யூனிட்டில் ஒருவர், அகல் விளக்கு யூனிட்டில் ஒருவர். நாலு பேரும் கூம்பு பார்க்கிறவர்கள். அச்சு அடிக்கிறவருக்குச் சிவப்பு இல்லை, வண்டி ஓட்டுகிறவருக்கு இல்லை, எங்களைவிட வயசான கூட்டுகிற அம்மாவுக்கு இல்லை. சூளைக்காரர்களுக்கு மட்டும் வருகிற மறதி நோய் எந்த ஊரில் இருக்கிறது?

சீட்டில் இருந்த நம்பருக்கு மகள் போனிலிருந்து பேசினேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். அவருடைய கம்ப்யூட்டர் ஆயிரக்கணக்கான கண்களைப் பார்த்துப் பழகியதாம்.

"அந்தக் கண்ணுல ஒண்ணாவது சூளை ஓட்டையில பதினெட்டு வருஷம் வச்ச கண்ணுங்களா சார்?" என்று கேட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். கூம்பு, ஓட்டை, நெருப்பு, வலது கண், மூடிக்கொள்கிற இடது கண், எல்லாம். முழுசாகக் கேட்டார். பிறகு, "அம்மா, நாலு பேரும் கிளம்பி வாங்க. டாக்டரே பார்ப்பாங்க" என்றார்.

பஸ்ஸில் இரண்டு மணி நேரம் பயணம். டாக்டரம்மா என் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், பிறகு அண்ணன் கண்ணை, பிறகு மற்ற இருவர் கண்களை. நாலாவது ஆளைப் பார்த்து முடித்ததும் சிரித்துவிட்டார்.

"நாலு பேருக்கும் வலது கண்ல மட்டும் புரை. நெருப்புச் சூட்டுல வர்ற புரை" என்றார். "அழுக்குக் கண்ணாடி ஜன்னல் வழியா வீட்டைப் படம் எடுத்த மாதிரி ஆயிடுச்சு. படம் மங்கலா வந்தா உள்ள இருக்கிற நரம்பு அடுக்கு உண்மையைவிட மெலிசாத் தெரியும். மெலிசா இருந்தா அந்தக் கம்ப்யூட்டர் சிவப்புன்னு சொல்லும். மங்கலான படத்தை நாங்க அதுக்குக் குடுத்திருக்கவே கூடாது. தப்பு எங்களோடதுதான்."

அண்ணன் என்னைப் பார்த்தார். "தங்கச்சி, என் மூளை என் மண்டையிலயேதான் இருக்குது போல" என்றார். நான்கு பேரும் சிரித்த சிரிப்பில் வெளியே இருந்த நர்ஸ் வந்து எட்டிப் பார்த்தார்.

புரைக்கு ஆபரேஷன் செய்து, கண் ஆறிய பிறகு இரண்டு கண்ணையும் மறுபடி படம் எடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. அது முடிய மார்கழி ஆகிவிட்டது. இந்த முறை சீட்டு எங்கள் கையில்தான் வர வேண்டும், எந்த ஆபீசுக்கும் போகக் கூடாது என்று நான் முதலிலேயே சொல்லி வைத்தேன். அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். படம் எடுக்கும்போது இடது கண்ணை நர்ஸ் விரலால் பிடித்துத் திறந்து வைத்தார்.

அண்ணனுக்குப் பச்சை. பொம்மை யூனிட்டுக்காரருக்குப் பச்சை. விளக்கு யூனிட்டுக்காரருக்குப் பச்சை.

என்னை மட்டும் டாக்டரம்மா உள்ளே உட்கார வைத்துக்கொண்டார். உட்காருங்கள் என்ற வார்த்தையே எனக்கு ஆகாது.

"இப்ப படம் நல்ல தெளிவா வந்திருக்கு" என்றார். "ஆனா ரெண்டு கண்லயுமே நரம்பு அடுக்கு கொஞ்சம் மெலிசாத்தான் இருக்கு. கம்ப்யூட்டர் இப்பவும் சிவப்புன்னுதான் சொல்லுது."

"எடது கண்ணுலயுமா?"

"ஆமாம்மா."

இடது கண். வீட்டுக்கென்று மிச்சம் வைத்த கண்.

இதற்கு நான் சூளையைச் சொல்ல முடியாது. இத்தனை மாதம் ஊரைக் கூட்டி நான் பேசிய பேச்சு அண்ணனுக்கும் மற்ற இருவருக்கும் பலித்தது. எனக்கு இல்லை. டாக்டரம்மா தண்ணீர் கொடுத்தார். மெலிதாக இருக்கிறவர்கள் எல்லோருக்கும் அந்த நோய் வருவதில்லை, இந்தக் கம்ப்யூட்டரே இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, வரலாம், வராமலும் போகலாம், வந்தாலும் எத்தனை வருஷம் கழித்து என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். அன்றைக்கே மூளை டாக்டரிடமும் அனுப்பினார். அவர் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். கடிகாரம் வரையச் சொன்னார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார், கதை ஒன்றைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். சூளை பற்ற வைப்பதிலிருந்து அணைப்பது வரை வரிசையாகச் சொன்னேன், அது அவர் கேட்காதது. "இப்ப உங்களுக்கு ஒரு குறையும் இல்ல. வருஷா வருஷம் வந்து காட்டிட்டுப் போங்க" என்று எழுதிக் கொடுத்தார்.

திரும்புகிற பஸ்ஸில் அண்ணன் எனக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார். என் சீட்டை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். விருத்தாசலம் வந்து, பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும்தான் பேசினார்.

"உன் சீட்டு உன் கையிலதான இருக்குது? எங்க மூணு பேருக்கும் பச்சைன்னா உனக்கும் பச்சைன்னுதான் நெனப்பாங்க. யாரும் கேக்கப் போறதில்ல. நாங்க வாயைத் தொறக்க மாட்டோம்."

"யோசிக்கிறேண்ணே" என்றேன். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே யோசித்தேன்.

மறுநாள் யூனிட்டுக்குள் நுழைந்ததும் முதலாளி சிரித்துக்கொண்டே எதிரே வந்தார். பக்கத்து யூனிட்டில் சேதி கேட்டுவிட்டார். "அக்கா, எல்லாம் அந்தக் கண்ணு பொரைதானாமே. நான்தான் அவசரப்பட்டுட்டேன். மன்னிச்சிடுங்க. நாளைக்கே சூளைக்கு வந்துடுங்க" என்றார்.

ஒரு வார்த்தை. சரிங்க தம்பி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் இடம் எனக்கு வந்திருக்கும். பைக்குள் சீட்டு மடித்துக் கிடந்தது. ஆனால் ஒளித்துவைத்துவிட்டு வாங்கினால் அது என் இடம் ஆகுமா? தினமும் பயந்துகொண்டு உட்கார வேண்டும். டிபன் பாக்ஸை மறந்தால் பயம், குடையை மறந்தால் பயம், யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று. பயப்படுவதற்கு நான் ஏன் சூளைக்குப் போக வேண்டும்? அதற்குப் பேக்கிங்கே போதும்.

சீட்டை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"எனக்கு இன்னும் செவப்புதான் தம்பி. பொரை இல்லாமலேயே செவப்பு."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. மூளை டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தையும் கொடுத்தேன். "இப்ப ஒரு கொறையும் இல்லைன்னு இதுல இருக்குது. ரெண்டையும் படிங்க. ஒண்ணை மட்டும் படிக்காதீங்க."

அவர் படித்தார். இரண்டு முறை படித்தார்.

"நாளைக்கு எனக்கு வரலாம். வந்தா நானே எந்திரிச்சுப் போயிடுவேன், யாரும் கையைப் பிடிச்சு இழுக்க வேணாம்" என்றேன். "அதுவரைக்கும் கூம்பு நான்தான் பார்ப்பேன். கேஸ் சமாச்சாரம்னு சொன்னீங்க, சரிதான். நான் பார்த்தப்பறம் நீங்களும் ஒருதரம் பாருங்க. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் அணைக்கிறது. நான் ஒரே ஒரு தரம் தப்பாச் சொன்னாலும் அன்னியோட பேக்கிங்குக்குப் போயிடுறேன். அப்பறம், நீலக் கண்ணாடி. இன்னொரு கண்ணையும் உங்களுக்குக் குடுக்க என்கிட்ட இல்ல."

பேசும்போது நடுவில் ஒரு வார்த்தை தடுக்கியது. கோபத்தில் தடுக்கியதா மறதியில் தடுக்கியதா என்று அவர் பார்க்கிறாரோ என்று நினைத்தேன். பார்த்தால் பார்க்கட்டும் என்று சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தேன்.

"வேற யாருனா இருந்தா சொல்லியிருக்க மாட்டாங்க அக்கா" என்றார்.

"வேற யாரையும் நீங்க சூளையை வுட்டு எழுப்பல" என்றேன்.

வாரக் கடைசியில் நீலக் கண்ணாடி வந்தது, இரண்டு. அடுத்த சூளைக்கு நான் போனேன். போனதும் முதல் வேலையாக அந்தச் சிவப்புச் சீட்டைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில், எல்லோரும் பார்க்கிற மாதிரி, டேப் போட்டு ஒட்டினேன். பேக்கிங் பொம்பளைகள் வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள். மகளிடம் வீட்டில் சொன்னபோது, "ஏம்மா இப்புடிப் பண்ற" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நானும் ஒருநாள் வந்து அந்த ஓட்டையில பாக்கட்டுமா?" என்று கேட்டாள். நீலக் கண்ணாடி பிடித்துப் பார் என்றேன்.

சாயங்காலம் நாலரை மணி இருக்கும். நான் நீலக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நடுக்கூம்பின் நுனி கீழே தொட்டுவிட்டது.

"அணைக்கலாம் தம்பி. நீங்க ஒருதரம் பாருங்க" என்று ஒதுங்கி, வால்வில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். தலையை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"இல்ல அக்கா. முதக் கூம்புதான் சாஞ்சிருக்குது. நடுக்கூம்பு இன்னும் நிக்குது."

எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுப் போனது. சூளைக்கு முன்னால் நின்றுகொண்டு சில்லிட்டுப் போனது. இப்படித்தான் ஆரம்பிக்குமோ? தொட்டதைப் பார்த்தேனே, பார்க்கவில்லையா? சுவரில் சீட்டு என் தோளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இந்தப் பயம் இனி என்னைவிட்டுப் போகாது என்று எனக்கு அப்போதே தெரிந்தது. இருக்கட்டும். வால்விலிருந்து கையை எடுக்கவில்லை.

கண்ணாடியை வாங்கி மறுபடி பார்த்தேன். அவசரப்படாமல், அடியிலிருந்து.

"தம்பி, கீழ பாருங்க. மண்ணோட மண்ணா வழிஞ்சு கெடக்குதே, அதுதான் முதக் கூம்பு. அது எப்பவோ படுத்துடுச்சு. நீங்க முதல்னு நெனைக்கிறதுதான் நடுக்கூம்பு. நிக்கிறது மூணாவது. அது சாயுற வரைக்கும் காத்திருந்தா சரக்கை வாரிக் கொட்ட வேண்டியதுதான்."

அவர் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆமாங்க அக்கா" என்றார். நான் வால்வைத் திருகி அணைத்தேன்.

"தப்பா எண்ணிட்டேன்" என்று அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார், லேசாகச் சிரித்துக்கொண்டே. வெறும் தப்புதான், யாருக்கும் வருகிற தப்பு. அதே தப்பை நான் செய்திருந்தால் அதற்கு வேறு பெயர் வைத்திருப்பார்கள்.

பேனாவை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"அந்தச் செவப்புச் சீட்டுல என் பேருக்குக் கீழ எடம் இருக்குது தம்பி. உங்க பேரையும் எழுதிடுங்க."